ஆத்துக்கு வெலை போடப் போற அம்மிணிக்கு

வா அம்மிணி, இப்படி வந்து உக்காரு. கூட வந்த புள்ளைங்களையும் உக்காரச் சொல்லு. அந்த டேப்லெட்டை மட்டும் அக்கட்டால வெச்சிரு. அது கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தா எனக்கு நாயம் வராது.

அடையாறுல ஆராய்ச்சி வேலைக்குச் சேந்துட்டேன்னு உங்கம்மா சொன்னா. என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். "சுற்றுச்சூழல் பொருளாதாரமுங்க அப்பா, அதோட கொள்கை மதிப்பீடு"ன்னா. வெளங்கறாப்ல சொல்லுன்னேன். "ஆறு குளம் கெட்டா எவ்வளவு நட்டம்னு கணக்குப் போடறது, சர்க்கார் சட்டம் போட்டா அதனால ஏதாச்சும் நடந்துதா இல்லையான்னு பாக்கறது"ன்னா. அட, இதைத்தானே எங்கூரு டீக்கடையில தெனமும் ஓசியில பண்றாங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பறம் உன்ற சம்பளத்தைச் சொன்னா. வாயை மூடிக்கிட்டேன். பாவம், டீக்கடைக்காரங்களுக்கு இங்கிலீசுல கட்டுரை எழுதத் தெரியலை.

சரி, காலேசுல கத்துக்குடுக்காத நாலு சமாச்சாரத்தை நான் சொல்றேன். கேட்டாக் கேளு, இல்லாட்டி இந்தா, முறுக்குத் தின்னுட்டுப் போ.

ஊருக்குள்ள நோட்டும் பேனாவுமா எறங்கறது என்னமோ உங்க காலத்துச் சங்கதின்னு நெனச்சுக்காதே. கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரரு, மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு மொதல் பொருளாதாரப் பேராசிரியரா வந்தவரு. 1916-லயே காலேசுப் பையன்களைக் கேள்வித்தாளோட கிராமத்துக்கு அனுப்பிச்சுட்டாரு. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சின்னு ஊரு ஊரா எழுதி, 1918-ல புஸ்தகமா வந்துருச்சு. அவரு பண்ணுன கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? பையன்களை அவங்கவங்க சொந்த ஊருக்கே அனுப்புனது. சொந்த ஊருன்னா எவன் பொய் சொல்றான், எவன் எத்தனை ஏக்கரை மறைக்கிறான்னு பையனுக்கு ஏற்கெனவே தெரியும். சின்ன வயசுல அந்தக் காட்டுல மாங்கா திருடுனவன்தானே!

அதுக்கப்பறம் 1936, 37-ல அதே ஊருகளுக்குத் திரும்பப் போயிப் பாத்தாங்க. 1980-கள்ல பொருளாதாரக்காரரு குஹனும், அமெரிக்காவுலருந்து வந்த ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டுக்கு மறுபடியும் போனாங்க. ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாப் போய்ப் பாத்தா, அது ஆராய்ச்சி. நீங்க? காலையில டெம்போ டிராவலர்ல வந்து எறங்கறீங்க, மத்தியானம் பிரியாணி எங்க கெடைக்கும்னு கேக்கறீங்க, பொழுது சாய முந்தி கெளம்பிடறீங்க. ஊரைப் பாத்தாச்சுங்கறீங்க. ஊரும் உங்களைப் பாத்துருச்சு கண்ணு. அதை மறந்துராதே.

எங்கூரு நொய்யல் கரைன்னு உனக்குத் தெரியும். வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூரு திருப்பூரெல்லாம் தாண்டி, கரூர்ப் பக்கம் காவேரியில சேர்ற ஆறு. திருப்பூருல பனியனுக்குச் சாயம் ஏத்த ஏத்த, மிச்சம் மீதி அத்தனையும் ஆத்துல. 1992-ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டி முடிச்சாங்க, வெள்ளாமைக்குத் தண்ணி வரும்னு. வந்து தேங்குனது சாயத்தண்ணி. ஊரு ஒலகத்துல அணையைத் திறந்து விடுன்னுதான் சண்டை போடுவாங்க. இந்த அணையைத் திறந்துராதீங்கன்னு கும்பிட்டவங்க நாங்க.

அப்ப எங்ககிட்டக் கேள்வி கேக்க வராத ஆளு இல்லை. கட்டுச்சோறு கட்டிட்டு வந்தாங்க. அதுல ஒரு பையன், உன்ற வயசுதான் இருக்கும், ரொம்ப மரியாதையாக் கேட்டான்: "ஐயா, நொய்யல் பழையபடி சுத்தமாகறதுக்கு உங்க குடும்பம் மாசம் எவ்வளவு ரூவா குடுக்கத் தயாரா இருக்கீங்க?"

மீசையத் தடவிக்கிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கறாப்ல இருந்துட்டு, "பூஜ்யம்"னேன்.

பையன் மொகம் சுண்டிப் போச்சு. "அப்ப ஆறு சுத்தமாகறதுல உங்களுக்கு அக்கறை இல்லீங்களா?"

"ஆறு என்றது. கெடுத்தது அவன். காசு நானா குடுக்கறது?"

எழுதிக்கிட்டான். இந்த மாதிரிப் பூஜ்யத்துக்கு உங்க புஸ்தகத்துல எதிர்ப்புப் பூஜ்யம்னு பேரு, இதையெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்துக்குச் சராசரி போடற வழக்கம் உண்டுன்னு நீதான் ஒரு நாளு சொன்னே. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை, சிரிப்புதான் வந்துது. கோவக்காரனையெல்லாம் வெளிய நிறுத்திட்டு எண்ணுனா, ஊரு ரொம்பச் சாந்தமா இருக்கறதாத்தான கணக்கு வரும்?

சரி, கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாரு. "இந்தச் சாக்கடையைச் சகிச்சுக்கிட்டு இருக்க உங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?" இப்பக் கேட்டா நான் எதுக்குக் கொறைச்சுச் சொல்றேன், ஒரு கோடிம்பேன். அதே ஆறு, அதே கெழவன், கேள்வி மட்டும் வேற. குடுக்கத் தயாரான்னு கேட்டா ஆறு அவனுதுன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. வாங்கிக்கத் தயாரான்னு கேட்டா ஆறு என்றதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. கேள்வித்தாளு அடிக்கும்போதே பட்டாவை யாரு பேருக்கு எழுதறேன்னு பாத்துக்க.

அலாஸ்காவுல 1989-ல எக்ஸான் வால்டெஸ்ங்கற எண்ணெய்க் கப்பல் பாறையில முட்டிக் கடலெல்லாம் எண்ணெய் ஆனதுக்கப்பறம், இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்டு நட்டம் கணக்குப் போடலாமான்னு அமெரிக்காவுல பெரிய ஓரியாட்டம் நடந்துச்சாமா. ஆரோ, சோலோன்னு நோபல் வாங்குன ரெண்டு பேரு தலைமையில குழு போட்டு, 1993-ல சொன்னாங்க: கேக்கலாம், ஆனா 'எவ்வளவு குடுப்பே'ன்னே கேளு, 'எவ்வளவு வேணும்'னு கேக்காதே, ஓட்டுப் போடறாப்ல ஆமா, இல்லைன்னு பதில் வாங்கு, வீட்டுச் செலவு இருக்குதுங்கறதை ஞாபகப்படுத்து. எனக்கு அவங்க மேல வருத்தமில்லை. என்னாட்டம் ஆளுங்க கோடி கோடியா அளந்து விடுவாங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குது. பெரிய மனுசங்க, பொழைக்கத் தெரிஞ்சவங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான் அம்மிணி. உனக்குப் பதில் சொல்றவன் ஒவ்வொருத்தனுக்கும் அந்தப் பதில்ல ஒரு லாப நட்டம் இருக்குது. அது என்னன்னு தெரிஞ்சுக்காம எழுதுன நம்பருக்கு, எழுதாத நம்பரே தேவலை.

"அப்ப நம்பரே வேண்டாமாங்க தாத்தா"ன்னு அந்தக் கண்ணாடிக்காரப் பையன் கேக்கறான் பாரு. வேணும் சாமி, கட்டாயம் வேணும். எங்களுக்கு ரூவாயாக் கெடைச்சதே நம்பராலதான். பாலாத்துத் தோல் ஷாப்புக் கேசுல 1996-ல சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே காசு கட்டணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. நட்டத்தைக் கணக்கெடுக்கத் தனியா ஓர் ஆணையமும் வந்துச்சு. அது மெட்ராஸ்ல உக்காந்து நொய்யலுக்கும் கணக்குப் போட்டு, 2004 கடைசியில 68 கிராமத்துல 28,596 வெவசாயிக்கு 24 கோடியே 79 லட்சத்துச் சொச்சம்னு சொல்லுச்சு. மேல கீழ போட்டு வகுத்துப் பாத்தீன்னா ஆளுக்கு 8,700 ரூவாய்க்குப் பக்கம். ஒரு எருமையோட ஒரு காலு வாங்கலாம். ஆனா அந்தக் காலும், பால் அப்பாசாமியாட்டம் இந்த மெட்ராஸ்லருந்து வந்து கெணறு கெணறாப் பாத்து நட்டத்தை எழுதுன பொருளாதாரக்காரங்க, கோர்ட்டு வாசல்ல நின்ன ஆயக்கட்டுக்காரங்க, இவங்களால வந்தது. 2009-ல சுப்ரீம் கோர்ட்டு கெடு வெச்சு, அப்பறமும் கழிவு ஓடறது நிக்கலைன்னு 2011 ஜனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும், வழி நெடுக்க நம்பர்தான் பேசுச்சு. நாங்க அழுததைக் கோர்ட்டு கேட்டுச்சு; நம்பரைத்தான் எழுதிக்கிச்சு.

ஆனா அந்த நம்பர்ல எது இல்லைன்னு சொல்லட்டுமா? கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது எந்த லேபும் இல்லை, உங்க அம்மிச்சி. ஒரு நாளு பொழுதோட அடுப்படியிலருந்து கொரல் வந்துது: "பருப்பு வேகவே மாட்டேங்குது." வெறகு மாத்துனா. பருப்புக்காரனை வைஞ்சா. பருப்பு கல்லாட்டமே கெடந்துது. மறுநா பக்கத்துத் தோட்டத்து மேட்டுக் கெணத்துலருந்து ஒரு கொடம் வாங்கிட்டு வந்து வேக வெச்சா, வெண்ணெயாக் கொழஞ்சு போச்சு. தண்ணியில உப்பு ஏறிக் கடினமானா அப்படித்தான். அப்பறம் அவ தெனமும் கொடம் தூக்குனா. எத்தனை வருசம்? கேள்வித்தாளுல "ஏக்கருக்கு என்ன வெளைச்சல்"னு இருந்துது, முட்டுவழி எவ்வளவுன்னு இருந்துது, தென்னை எத்தனை பட்டுப் போச்சுன்னு இருந்துது. கொடம் இல்லை. கேள்வி கேட்டவங்க எல்லாம் திண்ணையோட நின்னுட்டாங்க, அடுப்படிக்கு வரலை. நட்டத்தைச் சமாளிக்கக் குடும்பம் பண்ணுற செலவையும் வேலையையும் எண்ணணும்னு உங்க புஸ்தகத்துலயே இருக்குதாமே? அப்பப் புஸ்தகத்தைப் படிச்சுட்டுப் போ. போனதுக்கப்பறம் பொம்பளைங்ககிட்டக் கேளு.

சட்டத்தால நடந்துதான்னு பாக்கற சங்கதிக்கு வருவோம். இதுக்கு நீங்க பெரிய பெரிய பேரெல்லாம் வெச்சிருக்கீங்க. எங்க அப்பாரு புது உரம் வாங்குனா நாலு பாத்திக்குப் போட்டுட்டு ஒரு பாத்தியைச் சும்மா விடுவாரு. அறுப்புக்கு அந்தச் சும்மா விட்ட பாத்தியைத்தான் மொதல்ல போய்ப் பாப்பாரு. ஃபிஷர்னு ஒருத்தரு இங்கிலாந்துல ரோதாம்ஸ்டட் வெவசாயப் பண்ணையில உக்காந்து, எந்தப் பாத்தியைச் சும்மா விடறதுங்கறதை நம்ம இஷ்டத்துக்கு விடாம சீட்டுக் குலுக்கிப் போடுன்னு நூறு வருசத்துக்கு முந்தி சொன்னாரு. நீங்க தூக்கி வெச்சு ஆடற குலுக்கல் சோதனையெல்லாம் பொறந்தது காட்டுலதான். அதனால வெவசாயிகிட்ட வந்து அதை வெளக்கும்போது கொஞ்சம் அடக்கமா வெளக்கோணும்.

இப்ப இந்த மெட்ராசையே பாரு. 2003-ல எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துது. ஆறே மாசத்துல ஊரெல்லாம் குழாய். மயிலாப்பூருல உங்க சித்தி குடியிருக்கற அபார்ட்மென்ட்டுல போய்ப் பாத்தேன். மாடியிலருந்து பி.வி.சி. குழாய் ஒண்ணு கம்பீரமா எறங்கி வருது. எங்க போயி முடியுதுன்னு குனிஞ்சு பாத்தா, சிமெண்டுத் தரைக்கு ஒரு சாண் மேல நிக்குது. கீழ குழியுமில்லை, தொட்டியுமில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன். "ஆபீசர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாருங்க ஐயா"ன்னான். சட்டப்படி அந்த வீட்டுல மழைநீர் சேகரிப்பு இருக்குது. உன்ற டேட்டாவுலயும் இருக்கும்.

அப்பறம் 2005-ல வானம் பொத்துக்கிட்டுக் கொட்டுச்சு. நெலத்தடித் தண்ணி மேல வந்துது. யாரு ஏத்துனது, சட்டமா வருணனா? 2002-க்கும் 2006-க்கும் நடுவுல ஒரு கோடு போட்டுட்டு சட்டம் ஜெயிச்சுதுன்னு எழுதுனா, வருணன் கேசு போடுவான். ஒழுங்காக் கட்டுன தெருவையும் போட்டோவுக்குக் கட்டுன தெருவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், அதுவும் ஒரே மண்ணுல. பெசன்ட் நகரு கடல் மணலு, ஊத்துனா உறிஞ்சும். மாம்பலத்துப் பக்கம் களி, ஊத்துனா நின்னு வேடிக்கை பாக்கும். இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுச் சராசரி எடுத்தீன்னா உங்க அம்மிச்சி கையில அடி வாங்குவே.

காலத்தையும் பாத்துக்க. 2006-ல எழுதுனவன் ஜெயம்னான். 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில ஜோலார்பேட்டையிலருந்து 50 வேகன் கட்டி ரயில்ல தண்ணி வந்துதே, ஒரு வாட்டிக்கு 25 லட்சம் லிட்டரு, அப்ப எழுதுனவன் தோல்வின்னான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. ரெண்டு பேரும் அவசரப்பட்டாங்க, அவ்வளவுதான். ஒடிசாவுல புகையில்லாத அடுப்புக் குடுத்துட்டு ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன்னு மூணு பேரு நாலு வருசம் கூடவே இருந்து பாத்தாங்களாமா. மொத வருசம் புகை கொறைஞ்சுது. அப்பறம் அடுப்பு ஒடஞ்சுது, சரி பண்ண ஆளில்லை, புகை பழையபடி. ஒரு வருசத்தோட ஊருக்குக் கெளம்பியிருந்தா அடுப்புக்கு மாலை போட்டிருப்பாங்க.

பிளாஸ்டிக்குத் தடை 2019 ஜனவரி ஒண்ணாந்தேதி வந்துது. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னாங்க. நல்ல காரியம், கொறை சொல்ல மாட்டேன். தடையால கொறைஞ்சுதான்னு சர்வே எடுக்கப் போறயாமா? கபாலி கோயில் தெற்கு மாட வீதியில ஒரு சாயந்தரம் நின்னு பாரு. காய்க்காரம்மா சாக்கு விரிச்சு ஒக்காந்திருக்கும். நீ கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போயிக் "கவர் வெச்சிருக்கீங்களா"ன்னு கேளு. "அய்யோ, தடைம்மா, நாங்க வெக்கறதே இல்லை"ன்னு சொல்லும். நான் அரைக் கிலோ கத்திரிக்காயை எடை போடச் சொல்லிட்டுக் கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். அந்தம்மா ரெண்டு பக்கமும் ஒரு பார்வை பாத்துச்சு. சாக்கோட ஓரத்தைக் கால் கட்டை வெரலால மெதுவாத் தூக்குச்சு. அடியிலருந்து ஒரு கவர் வந்துது, வெத்தலைச் சுருளாட்டம் மெலிசா மடிச்சு வெச்சிருக்குது. காய் உள்ள போச்சு, ரெண்டு விரல்ல முடிச்சு விழுந்துச்சு, சாக்கு கீழ எறங்கிருச்சு. அவ்வளவும் ஒரு மூச்சு விடறதுக்குள்ள. இதுல யாரு குத்தவாளி? கவரு இல்லாட்டிக் காய் வாங்காம பக்கத்துக் கடைக்குப் போற என்னாட்டம் ஆளையும் சேத்து எழுதிக்க. ஆனா அட்டை மாட்டிட்டுப் போயி வாயால கேட்டா அந்தக் கட்டை வெரலு உனக்குத் தெரியாது. கேக்கறதை விட்டுட்டு வாங்கு.

தி.நகருல வீட்டு வெலையை வெச்சு நல்ல காத்துக்கும் ஏரிக்கும் வெலை கண்டுபிடிக்கப் போறேன்னு இந்தப் புள்ளை சொல்லுச்சு. சாமி, தி.நகரே ஏரிதான். மாம்பலத்து நீண்ட ஏரியை 1920-கள்ல வத்த வெச்சுத்தான் தியாகராயச் செட்டியாரு பேருல நகரு கட்டுனாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னும் லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்குது. போயிப் பாரு. ரோடு இருக்குது, வியூவும் இருக்குது, லேக்கைத்தான் காணோம். சரி, வெலையை எங்கருந்து எடுப்பே? ரிஜிஸ்தர் ஆபீசுப் பத்திரத்துலருந்தா? பத்திரத்துல எழுதறது வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு வெலை. துணிப்பையில கைமாறுறது இன்னொரு வெலை. இது தெரியாதவ மெட்ராஸ்ல நீ ஒருத்திதான் இருப்பே. ஆத்தங்கரை வீட்டுக்குக் கோட்டூர்புரத்துல ஒரு காலத்துல ஒசத்தியான வெலை. 2015 டிசம்பர்ல அடையாறு வீட்டுக்குள்ளயே வந்து பாத்துட்டுப் போச்சு. வாங்குனவனுக்கு ஆத்தோட கொணம் தெரியாம குடுத்த வெலையை, ஆத்தோட மதிப்புன்னு எழுதலாமா? புரோக்கரை ரெண்டு டிகிரி காப்பிக்குக் கூட்டிட்டுப் போ. ரிக்ரஷன் சொல்லாததை அவன் சொல்லுவான். பாதி பொய்தான், ஆனா எந்தப் பாதின்னு நாலு புரோக்கரைக் கேட்டா வெளங்கிரும்.

இதுவரைக்கும் பதில் சொல்றவனைப் பத்திச் சொன்னேன். இனி அளக்கறவனைப் பத்தி. குஜராத்துல தொழிற்சாலைப் புகையை அளக்கத் தனியார் தணிக்கைக்காரங்க இருந்தாங்க. அப்ப அவங்களைத் தேர்ந்தெடுத்ததும் சம்பளம் குடுத்ததும் அந்தத் தொழிற்சாலைக்காரனே. அளவு எப்படி வந்திருக்கும்? பெரும்பாலான ஆலை வரம்புக்குக் கொஞ்சூண்டு கீழ, கச்சிதமா. டுஃப்லோ, கிரீன்ஸ்டோன், பாண்டே, ரயன்னு நாலு பேரு, அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சேந்து, சில ஆலைகளுக்கு மட்டும் தணிக்கைக்காரனைக் குலுக்கல்ல குடுத்தாங்க. சம்பளம் ஆலைக்காரன் கையால இல்லாம, நடுவுல ஒரு நிதியிலருந்து. பின்னாடியே இன்னொருத்தன் போயிச் சரி பாப்பான். தணிக்கைக்காரங்க உண்மை எழுத ஆரம்பிச்சாங்க. ஆலைக்காரங்களும் புகையைக் கொறைச்சாங்க. 2013-ல கட்டுரையா வந்துச்சு. இந்த வேலையைப் பண்ணுன கூட்டத்துக்கு இந்தியாவுல ஆபீசு போட எடம் குடுத்ததே நம்ம நுங்கம்பாக்கம் கோத்தாரி ரோட்டுல இருந்த ஐ.எஃப்.எம்.ஆர்.ங்கற நிறுவனம்தான்.

நல்ல ஆராய்ச்சி, கை தட்டலாம். தட்டி முடிச்சுட்டு உன்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டுக்க. உனக்கு யாரு சம்பளம் குடுக்கறா? திட்டம் போட்ட துறையே, "எங்க திட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு நீங்களே மதிப்பிட்டுச் சொல்லுங்க"ன்னு காசு குடுத்தா, உன்ற பேனா எந்தப் பக்கம் சாயும்? நீ நல்ல புள்ளைதான். அந்தத் தணிக்கைக்காரனும் அவங்க ஆத்தாளுக்கு நல்ல புள்ளைதான்.

காசு மட்டும்தான் சாய்க்கும்னும் இல்லை. உங்க அட்டவணையில, இது தற்செயலா வந்ததில்லைன்னு காட்ட, நம்பருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம், ரெண்டு நட்சத்திரம் போடறீங்களே, அதுக்கு நீங்க அலையறதைப் பாத்தா, கல்யாணத் தரகன் ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துப் பொருத்தம் வர வெக்கறாப்லயே இருக்குது. மொதல்ல வயசைச் சேக்கறது, அப்பறம் வயசை எடுக்கறது, ஜில்லாவைச் சேக்கறது, ஒரு ஜில்லாவைத் தள்ளறது, ராத்திரி ரெண்டு மணிக்கு நட்சத்திரம் உதிச்சதும் நிறுத்திக்கறது. எதைப் பாக்கப் போறேன்னு பாக்கறதுக்கு முந்தியே எழுதி ஒரு எடத்துல குடுத்து வெச்சிருங்கறாங்களாமே? அது நல்ல ஏற்பாடு. உன்ற கையைக் கட்டறதுக்கு உன்னையவே விட்டா, முடிச்சு லூசாத்தான் விழும்.

கத்துக்குடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 1971-ல மால்கம் ஆதிசேசையா தன்ற கைக்காசைப் போட்டு அடையாறு காந்தி நகருல மிட்ஸ்ங்கற ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்குனாரு. 1993-ல ராஜா செல்லையா மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்குனாரு, அங்க உ. சங்கர் சாயப்பட்டறை, தோல் ஷாப்புக் கழிவையெல்லாம் பொருளாதாரமாப் பாக்க ஆளுங்களைப் பழக்குனாரு. 1999-ல சாண்டீன்னு ஒரு வலையமைப்பு காட்மாண்டுல உக்காந்து, தெற்காசியாவுல இருக்கற எளந்தாரி ஆராய்ச்சிக்காரங்களுக்குக் கொஞ்சம் காசும் நெறையத் திட்டும் குடுத்துது. பார்த்தா தாஸ்குப்தா, மேலர் மாதிரிப் பெரிய கைங்க ஒக்காந்து, யோசனையா எழுதி வந்ததை வரி வரியாக் கிழிப்பாங்களாமா. ஒருக்காக் கிழிச்சுட்டு அனுப்பி விடறதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லி மறுபடியும் கிழிக்கறது, கட்டுரை ஆகிற வரைக்கும். எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. மூணு நாளு பட்டறை நடத்தி, மத்தியானம் பன்னீர் போட்டு, கடைசியில சர்ட்டிபிகேட்டோட குரூப் போட்டோ எடுத்து அனுப்பிச்சா அது பயிற்சி இல்லை, கல்யாண ரிசப்ஷன். கிழிக்கறதுக்கு ஒரு வாத்தியாரும், கிழிச்சதைத் தெக்கறதுக்கு ரெண்டு வருசமும் கெடைச்சா விட்டுராதே. திட்டு வாங்குனா அழுதுக்க, ஆனா அடுத்த கூட்டத்துக்குப் போ.

அந்தக் கிழிக்கற கூட்டத்துல ஒரு நாற்காலி மட்டும் கொறையுது. எங்கூருக்காரன் நாற்காலி. கட்டுரையை இங்கிலீசுல எங்க வேணா போட்டுக்க. அதுக்கு முந்தி நாலு பக்கம் தமிழ்ல எழுதி, கேள்வி கேட்ட ஊருக்கே கொண்டுட்டுப் போயி, டீக்கடை முன்னாடி நின்னு படி. "எங்கூருல கெணத்தாழம் அது இல்லையே", "அந்த வருசம் மஞ்சள் வெலை ஏறுனதால வருமானம் ஏறுச்சு, உங்க திட்டத்தால இல்லை"ன்னு ஏதாச்சும் ஒரு பெருசு எந்திரிச்சுச் சொல்லும். ஜர்னல்ல பேரு போடாத ரெஃபரிக்கு எட்டுப் பக்கம் பதில் எழுதறயல்ல? இந்தப் பெருசுக்கும் ஒரு பத்தி எழுது. அவன் சொன்னது தப்புன்னா ஏன் தப்புன்னு அவன் மூஞ்சிக்கு நேரா வெளக்கு. வெளக்க முடியலைன்னா, நட்சத்திரத்தை அழிச்சுட்டு மறுபடியும் ஒக்காரு.

போதும், நாயம் நீண்டு போச்சு. உங்கம்மா உள்ள அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருக்கா, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. மெட்ரோ வாட்டர்ல பருப்பு நல்லாவே வெந்துருக்குது, நான் பாத்துட்டேன். ஆமா, கெளம்பறதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்வி, ஒப்புதல் படிவமெல்லாம் வேண்டாம். இவ்வளவு நேரம் உக்காந்து புத்தி சொன்னேனே, இதுக்கு நீங்க ஆளுக்கு எவ்வளவு குடுக்கத் தயாரா இருக்கீங்க? பாத்துச் சொல்லுங்க. பூஜ்யம்னீங்கன்னா, உங்களையெல்லாம் கழிச்சுட்டுத்தான் நான் சராசரி போடுவேன்.